மூளை ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்த வருடம், வீட்டில் எல்லோருக்கும் ஒரே தவிப்பு. மருந்து கொடுத்தோம், கூடவே நடந்தோம், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டோம். அதற்கு மேலும் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. தெரிந்தவர்களைக் கூட்டி ஒரு நடைப்பயணம் நடத்தி, சேர்ந்த பணத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்தோம். அதன்பின் இதுபோன்ற பல நிகழ்ச்சிகளில் கை கொடுத்திருக்கிறேன். முன் அனுபவம் எதுவும் இல்லாமல் தொடங்கப்போகிறவர்களுக்காக, செய்து தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் எந்த ஆராய்ச்சி என்று முடிவு செய்யுங்கள்

எல்லோரும் முதலில் யோசிப்பது இடத்தையும் தேதியையும்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த ஆராய்ச்சிக்குப் பணம் தரப்போகிறோம் என்பதே முதல் முடிவு.

மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள உறுப்பு. அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அல்சைமர், வலிப்பு, பக்கவாதம், மூளைக்கட்டி, மனநோய், குழந்தைகளின் மூளை வளர்ச்சி என ஒவ்வொன்றும் தனி உலகம்; ஒன்றில் வேலை செய்பவருக்கு மற்றொன்று பழக்கமில்லாத துறை. "மூளை ஆராய்ச்சிக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், கேட்பவர் மனதில் எந்தப் படமும் விழாது. உங்கள் குழுவில் இருப்பவர்கள் எந்த நோயோடு வாழ்கிறார்களோ, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, டிமென்ஷியா என்னும் மறதி நோயோடு வாழ்பவர்கள் 5.5 கோடிக்கும் மேல். வலிப்பு நோயோடு வாழ்பவர்கள் சுமார் 5 கோடி. ஐம்பது பேர் கூடினால், இதில் ஏதோ ஒன்றை வீட்டுக்குள் பார்த்தவர் ஒருவராவது இருப்பார்.

பணம் யாருக்குப் போகிறது?

அடுத்தது, பெறப்போகும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது. இதில் ஒரு வாரம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை. பொதுவாக மூன்று வழிகள் உண்டு: ஒரு குறிப்பிட்ட நோய்க்கான அறக்கட்டளை, பல்கலைக்கழகம் அல்லது மருத்துவமனையின் ஆராய்ச்சித் துறை, இறந்தவர்கள் தானம் செய்த மூளைத் திசுவைச் சேமித்து ஆய்வாளர்களுக்கு வழங்கும் மூளை வங்கி.

நோயாளிகளுக்கான அமைப்புகளில் பல, பணத்தை ஆராய்ச்சிக்கு அல்ல, பராமரிப்புக்கும் ஆலோசனைக்கும் செலவிடுகின்றன. அதுவும் நல்ல வேலைதான். ஆனால் ஆராய்ச்சிக்கு என்று சொல்லி வாங்கிய பணம் அங்கே போனால், நாம் சொன்ன சொல் பொய்யாகிவிடும். அதனால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அமைப்பு பதிவு செய்யப்பட்டதா, தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறதா? நாம் தரும் தொகையை இன்ன ஆய்வுக்கு மட்டும் என்று ஒதுக்க முடியுமா? நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? எந்த ஆய்வுக்குப் பணம் தருவது என்பதை முடிவு செய்வது யார்?

இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல அமைப்புகளில், அந்தத் துறையை அறிந்த வெளி ஆய்வாளர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படித்து மதிப்பிடுவார்கள். "எங்கள் தலைவர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன். நோயாளிகளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, நிரூபிக்கப்படாத சிகிச்சையைத் தந்துகொண்டே அதை ஆராய்ச்சி என்று அழைக்கும் இடங்களும் உண்டு. அவற்றுக்கு நம் கையால் ஒரு காசுகூடப் போகக் கூடாது.

பதில் திருப்தியாக இருந்தால், அவர்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பல அமைப்புகள் இதற்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கும். சுவரொட்டி மாதிரி, நன்கொடைப் பக்கம், ரசீது எல்லாவற்றையும் அவர்களே தருவார்கள்.

நம் சின்னத் தொகைக்கு அங்கே என்ன வேலை?

குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "நாம் திரட்டுவது எந்த மூலைக்குப் போதும்?" நியாயமான கேள்வி. ஒரு புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் பெரிய ஆய்வுக்கு நம் தொகை போதவே போதாது. ஆனால் பெரிய நிதி கேட்டுப் போகும் ஆய்வாளரிடம், "இந்த யோசனை வேலை செய்யும் என்பதற்கு ஆரம்பச் சான்று எங்கே?" என்று கேட்பார்கள். அந்தச் சான்றைத் தயாரிக்கும் சிறு முன்னோட்ட ஆய்வுக்குப் பணம் கிடைப்பதுதான் கஷ்டம். அங்கேதான் நம் தொகை கணக்கில் வரும். ஓர் ஆய்வு மாணவரின் சில மாத உதவித்தொகை, ஆய்வில் பங்கேற்க வரும் நோயாளிகளின் பயணச் செலவு, மூளைத் திசுவை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கும் உறைபெட்டியின் பராமரிப்பு என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை அமைப்பிடம் கேட்டு வாங்குங்கள். நன்கொடையாளரிடம் அதைத்தான் சொல்ல வேண்டும்.

முன்னால் நடந்த இரண்டு கதைகளும் கைவசம் இருக்கட்டும். 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் சவால் உலகமெங்கும் பரவியதே, அது தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்காக. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் ஒரு பகுதி போன பெரிய மரபணு ஆய்வு, அந்த நோயோடு தொடர்புள்ள என்.ஈ.கே.1 என்ற மரபணுவை அடையாளம் கண்டதாக 2016-இல் அறிவித்தது. இன்னொன்று பழைய கதை. 1938-இல் போலியோவுக்காகத் தொடங்கிய 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' இயக்கம் அமெரிக்க மக்களிடம் கேட்டது ஒரு பத்து சென்ட் நாணயத்தைத்தான். போலியோ வைரஸ் தாக்குவது தண்டுவடத்தில் உள்ள நரம்பணுக்களை. அந்த நாணயங்களின் பலத்தில் உருவான ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி பலன் தருகிறது என்று அறிவித்தது 1955-இல். நடுவில் 17 ஆண்டுகள் போயின. இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

குழு

ஐந்தாறு பேர் போதும். ஒருங்கிணைப்பவர் ஒருவர், பணத்துக்கு ஒருவர், இடத்துக்கும் அனுமதிக்கும் ஒருவர், விளம்பரத்துக்கு ஒருவர், தன்னார்வலர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர். இவர்களில் ஒருவராவது அந்த நோயோடு வாழ்பவராகவோ, பராமரிப்பவராகவோ இருக்க வேண்டும். அவர் பெயருக்கு உட்கார்ந்திருப்பவராக இல்லாமல், முடிவெடுப்பவராக இருக்கட்டும்.

ஒருங்கிணைப்பவரும் பொருளாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் சரி. பின்னால் ஒரு சந்தேகம் வந்தால் அவரைக் காப்பாற்றுவதும் இந்த ஏற்பாடுதான்.

என்ன நிகழ்ச்சி?

இசை நிகழ்ச்சி, விநாடி வினா, கைவினைப் பொருள் விற்பனை, நீச்சல் சவால் என்று யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. முன்பணம் அதிகம் கேட்கும் எதையும் முதல் வருடம் தொடாதீர்கள். மேடை, ஒலி, ஒளி, கலைஞர் கட்டணம் என்று போட்டுவிட்டு, அன்று மழை பெய்தால் கடன்தான் மிஞ்சும். குலுக்கல் பரிசு நடத்த ஆசைப்படுவார்கள். பல நாடுகளில் அதற்குத் தனி உரிமம் வேண்டும், விசாரிக்காமல் இறங்க வேண்டாம்.

முதல்முறைக்கு ஒரு குறுநடையும், அதன் முடிவில் ஆய்வாளர் ஒருவரின் 15 நிமிடப் பேச்சும் போதும் என்பேன். நடப்பவர் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த பத்துப் பேரிடம் நன்கொடை கேட்பார். செலவு குறைவு, கை அதிகம். ஆய்வாளரை அழைப்பது நினைப்பதைவிடச் சுலபம். தங்கள் வேலையை ஆர்வத்தோடு கேட்கும் கூட்டம் கிடைத்தால் பலர் மனமுவந்து வருவார்கள், இளம் ஆய்வாளர்கள் இன்னும் சந்தோஷமாக. பேச்சை முன்கூட்டியே ஒருமுறை போனில் கேட்டுவிடுங்கள். புரியாத சொல் வந்த இடத்தில் நிறுத்தி, "இதை என் பாட்டிக்குச் சொல்வது போல் சொல்லுங்கள்" என்று கேட்கலாம், தப்பே இல்லை. 1.4 கிலோ எடையுள்ள ஒரு பையை மேசையில் வைத்து எல்லோரையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது என்றால் குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள்.

தேதி

ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம், மார்ச் 26 வலிப்பு விழிப்புணர்வுக்கான ஊதா தினம், ஜூலை 22 உலக மூளை தினம், செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம், அக்டோபர் 29 உலக பக்கவாத தினம். 1996-இல் தொடங்கிய மூளை விழிப்புணர்வு வாரம் மார்ச்சில் வரும். இவற்றை ஒட்டி வைத்தால் செய்தி பரவ வசதி. ஆனால் சரியாக அதே நாளில் வைத்தால் ஆய்வாளர்களும் மருத்துவர்களும் வேறு மேடைகளில் இருப்பார்கள். அடுத்த வார விடுமுறை நாள் நல்லது. தயாரிப்புக்கு மூன்று மாதமாவது வேண்டும்.

கணக்குப் போடுதல்

இலக்கை ஆசையிலிருந்து போடாதீர்கள், ஆட்களிலிருந்து போடுங்கள். நடக்க வருபவர்கள் 40 பேர், ஒவ்வொருவரும் 6 பேரிடம் வாங்குவார்கள் என்றால் 240 நன்கொடைகள். உங்கள் வட்டத்தில் ஒருவர் யோசிக்காமல் தரக்கூடிய தொகையால் அதைப் பெருக்குங்கள். பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மீதியை இலக்காக அறிவியுங்கள். இலக்கைத் தாண்டிய குழு அடுத்த வருடமும் கூடும்.

செலவை முழுவதும் ஏற்க ஒரு நிறுவனத்தையோ இரண்டு மூன்று குடும்பங்களையோ தனியாகக் கேட்டுப் பாருங்கள். அது அமைந்தால், "நீங்கள் தருவது முழுவதும் ஆராய்ச்சிக்கே போகிறது" என்று உண்மையாகவே சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் பலம் எந்த விளம்பரத்துக்கும் இல்லை.

எப்படிக் கேட்பது?

வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், கட்டைவிரல் படம் வரும், பணம் வராது. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதுங்கள். நான் அனுப்பியது இது:

"அண்ணே, அப்பாவுக்கு நடுக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது, உங்களுக்குத் தெரியும். பார்க்கின்சன் நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. அதில் பங்கேற்கிறவர்கள் வந்துபோகும் செலவுக்காகப் பணம் சேர்க்கிறோம். வரும் ஞாயிறு 3 கிலோமீட்டர் நடக்கிறேன். உங்களால் முடிந்ததைத் தாருங்கள், முடியாவிட்டால் ஒரு மணி நேரம் வந்து கூட நடங்கள். கணக்கு முழுவதும் உங்களுக்கு அனுப்புவேன்."

இதில் குணமாகும் என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை எழுதவே எழுதாதீர்கள். "உங்கள் நன்கொடை அல்சைமரை ஒழிக்கும்" என்று சுவரொட்டியில் போடுவது எளிது; அதை நோயாளியும் படிக்கிறார், அவர் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அலாய்ஸ் அல்சைமர் தன் நோயாளியைப் பற்றி மருத்துவர்கள் கூட்டத்தில் பேசியது 1906-இல். அந்த நோயின் போக்கையே சற்று மெதுவாக்கும் லெக்கனெமாப் மருந்துக்கு அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது 2023-இல். அதுவும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான். நோயை அது நிறுத்துவதில்லை. என் அப்பாவுக்கு வந்த நோயை ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817-இல் எழுதிவைத்தார்; அப்பா சாப்பிடும் லெவோடோபா பயன்பாட்டுக்கு வந்தது 1960-களில். அது நடையையும் கையையும் எளிதாக்குகிறது, நோயைத் தடுக்கவில்லை. இந்த உண்மையைச் சொன்னால் யாரும் தரமாட்டார்கள் என்று பயந்தேன். நடந்தது வேறு. விடை இன்னும் தெரியவில்லை என்று சொன்னபோதுதான், "அப்படியானால் தேடத்தானே வேண்டும்" என்று எடுத்துக் கொடுத்தார்கள்.

இன்னொன்று: மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற வாசகத்தை யாராவது ஆர்வத்தில் சுவரொட்டிக்குக் கொண்டுவருவார்கள். அது தவறு. மூளையின் எல்லாப் பகுதிகளும் வேலை செய்கின்றன. ஆராய்ச்சிக்காகக் கூடும் இடத்தில் அது இருக்கக் கூடாது.

நோயாளியின் படத்தையோ கதையையோ பயன்படுத்துவதானால் அவரிடமே கேளுங்கள், எங்கே எல்லாம் வரும் என்று காட்டிக் கேளுங்கள். மறதி நோய் முற்றியவரிடம் அனுமதி கேட்பது அர்த்தமில்லாமல் போகலாம். அப்போது குடும்பத்தினர் யோசிக்க வேண்டியது, நல்ல நினைவோடு இருந்த காலத்தில் அவர் இதற்குச் சம்மதித்திருப்பாரா என்பதை. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அன்றைய நாள்: வருபவர்களை மனதில் வைத்து

முதல் வருடம் நுழைவாயிலை அழகாக அலங்கரித்தோம், குறுகலாக. பார்க்கின்சன் உள்ளவர்களுக்குக் குறுகிய வாசல் வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடுவது உண்டு. அப்பா அந்த வாசலில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் காரணம் தெரியாமல் நெருக்கினார்கள். அவர் முகம் சிவந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. யாருக்காக நிகழ்ச்சியோ அவரையே உள்ளே விடாத வாசலைக் கட்டியிருந்தேன்.

அதனால் இந்தப் பகுதியில் கஞ்சத்தனம் வேண்டாம். வழி அகலமாக இருக்கட்டும். கால் நின்றுவிடுபவர்களுக்குத் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் பலருக்கு உதவும். ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதாக நினைத்து நடப்பார்கள். அவசரப்படுத்த வேண்டாம், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலிகளே எழுந்திருக்க வசதி. மாத்திரை நேரம் தவறக் கூடாது, எனவே நிகழ்ச்சி நேரத்தை முன்பே அறிவித்து அதன்படியே நடத்துங்கள். நடைபாதையில் 500 மீட்டர் சுற்று ஒன்றும் வையுங்கள். அதை முடித்தவருக்கும் அதே கைதட்டல்.

வலிப்பு உள்ளவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்குப் பளிச் பளிச்சென்று மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டும். மின்னும் விளக்குகள் வேண்டவே வேண்டாம், புகைப்படக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். யாருக்காவது வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தன்னார்வலர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: சுற்றியுள்ள பொருள்களை விலக்கி, தலைக்கு அடியில் மென்மையாக ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயிலோ கையிலோ எதையும் திணிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

மறதி நோய் உள்ளவர்களைச் சத்தமும் கூட்டமும் குழப்பிவிடும். அமைதியான ஓர் அறையை ஒதுக்கி, கழிப்பறைக்கும் வெளியே போகும் வழிக்கும் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். தன்னார்வலர்களின் பெயர் அட்டையும் பெரிய எழுத்தில். பக்கவாதத்தால் பேச்சுத் தடுமாறுபவர் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் முடித்துவைக்க வேண்டாம். காத்திருந்தால் அவரே முடிப்பார்.

பணம் கைமாறும் இடம்

முடிந்தவரை பணம் நேராகப் பெறும் அமைப்பின் கணக்குக்கே போகட்டும். தனிநபர் கணக்கில் வாங்கவே வேண்டாம். க்யூஆர் அட்டை அமைப்பின் பெயரைக் காட்டுகிறதா என்று காலையிலும் நடுவிலும் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். மேலே வேறு ஒட்டியை ஒட்டிவிடும் மோசடி நடக்கிறது. ரொக்கம் வந்தால் பூட்டிய பெட்டி, வரிசை எண் உள்ள ரசீது. எண்ணும்போது இரண்டு பேர், அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்து, அடுத்த வேலை நாளில் வங்கி. வரிச் சலுகை உண்டா என்று கேட்பார்கள். பெறும் அமைப்பிடம் கேட்டு உறுதியான பதிலை முன்பே எழுதி வைத்திருங்கள். யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியல் பொருளாளரைத் தாண்டக் கூடாது.

அதற்கப்புறம்

இரண்டு நாளுக்குள் நன்றி, இரண்டு வாரத்துக்குள் கணக்கு. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, அனுப்பியது இவ்வளவு என்று ஒரே பக்கத்தில். அமைப்பு தந்த ரசீதின் படத்தையும் சேர்த்து, தந்தவர் எல்லோருக்கும் அனுப்புங்கள், சிறு தொகை தந்தவருக்கும்.

ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் ஆய்வாளரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். இதைத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்டால் சங்கடம் இல்லை. நாங்கள் உதவிய ஆய்வு ஒன்றில், எதிர்பார்த்த தொடர்பு இல்லை என்றுதான் முடிவு வந்தது. குழுவில் சிலர் அதை அனுப்ப வேண்டாம் என்றார்கள். அனுப்பினோம். அந்த வழியில் இனி யாரும் காலத்தைச் செலவிட வேண்டியதில்லை என்று ஆய்வாளர் எழுதியிருந்ததையும் அப்படியே சேர்த்தோம். மறுவருடம் தந்தவர்களில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நிகழ்ச்சிக்கு வரும் சிலர், "நான் இறந்த பிறகு என் மூளையைத் தரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பெரும்பாலான இடங்களில் இது கண் தானம், உறுப்பு தானத்தோடு சேர்ந்து வராது. மூளை வங்கியில் தனியாகப் பதிய வேண்டும். இறந்தபின் விரைவாக எடுத்தாக வேண்டும் என்பதால் குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். நோய் இல்லாதவர்களின் மூளையும் தேவை, ஒப்பிட்டுப் பார்க்க. உங்கள் பகுதிக்கு உரிய மூளை வங்கி இருந்தால் அதன் படிவத்தை வாங்கி வைத்திருங்கள். ஆனால் நன்கொடை மேசையில் வேண்டாம். அமைதியான அந்த அறையில், இரண்டு நாற்காலி போட்டு, நிதானமாகப் பேசத் தெரிந்த ஒருவரை அங்கே உட்கார வையுங்கள்.